நூறு பெட்டியா, பத்துப் பெட்டியா, பழுது பார்க்கும் மேசையா? வேலூரில் செல்போன் கடை வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு

காட்பாடியில் ஒரு தம்பி. அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பத்து லட்சத்தை இவர் கையில் கொடுத்து, "ஏதாவது செய்" என்று சொல்லியிருக்கிறார். குடியாத்தத்தில் இன்னொருவர். லுங்கி வியாபாரத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு அருகில் இருக்கும் சொந்தக் கடையில் செல்போன் விற்கலாமா என்று யோசிக்கிறார். ஒரே வாரத்தில் இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நிறைய விற்பதா, நிறைய லாபம் வைத்துக் கொஞ்சமாக விற்பதா? காட்பாடித் தம்பி படித்தவர், அவர் கேட்ட விதமே வேறு: "அண்ணா, மலிவாக நிறைய விற்கும் ஷாவ்மி மாதிரி நடத்துவதா, விலை வைத்து லாபம் பார்க்கும் ஆப்பிள் மாதிரி நடத்துவதா?"

லாங்கு பஜாரிலும் காந்தி சாலையிலும் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். செல்போன் கடைகள் திறப்பு விழாவில் கேசரி சாப்பிட்டிருக்கிறேன். அதே கடைகளுக்கு ஜி.எஸ்.டி. பதிவை ரத்துசெய்யும் விண்ணப்பத்தையும் நிரப்பியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

## முதலில் பெரிய கம்பெனிகளின் கணக்கு

கவுண்டர்பாயிண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கு இது. உலகச் சந்தைக்குப் போன ஸ்மார்ட்போன்கள் நூறு என்றால், அதில் ஆப்பிளுடையவை 18. விற்பனைப் பணம் நூறு ரூபாய் என்றால் ஆப்பிளுக்கு 48. தொழில் நடத்தும் செலவு போக நிற்கும் செயல்பாட்டு லாபம் நூறு ரூபாய் என்றால் ஆப்பிளுக்கு 85. மற்ற எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து 82 போனை விற்று, மிச்சம் 15 ரூபாயைப் பங்கு போட்டுக்கொண்டன.

நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டது. ஆறு அப்படியேதான் இருக்கிறது. பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் அகலம் பிரமாதமாகத் தெரியும். சந்தையில் விற்கும் நூறில் நம்முடையது எத்தனை என்கிற சந்தைப் பங்கு அந்த அகலம். தண்ணீர், அதாவது லாபம், எங்கே என்று மணலைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

அகலத்தை மட்டும் நம்பியவர்கள் கதை நிறைய இருக்கிறது. எல்ஜி 2013இல் ஒரு கட்டத்தில் உலக ஸ்மார்ட்போன் விற்பனையில் மூன்றாம் இடத்தில் இருந்தது. ஏறக்குறைய ஆறு ஆண்டு தொடர்ந்து நஷ்டப்பட்டு, சுமார் 450 கோடி டாலரைத் தொலைத்து, 2021 ஏப்ரலில் இந்தத் தொழிலே வேண்டாம் என்று அறிவித்தது. நோக்கியாவோ 2012இன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேல் கைப்பேசிகள் விற்றது. அந்தக் காலாண்டிலும் நஷ்டம்தான். நம் பக்கத்துப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போய்வந்த ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் திறந்து, 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டது. பிறகு அந்த இடத்தை வாங்கியது சால்காம்ப். ஆப்பிளுக்கும் சார்ஜர் செய்துகொடுக்கும் நிறுவனம் அது.

நோக்கியாவுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2007 கடைசியில் உலகில் விற்ற பத்துக் கைப்பேசியில் நான்கு அதனுடையது, அப்போது லாபமும் கொட்டியது. பங்கும் லாபமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐ.டி.சி. என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கின்படி 2023இல் எண்ணிக்கையிலும் ஆப்பிள்தான் உலகில் முதலிடம், 20.1 சதவீதம். இத்தனைக்கும் 2018 நவம்பரிலேயே, "இனி எத்தனை ஐபோன் விற்றோம் என்ற எண்ணிக்கையை வெளியிட மாட்டோம்" என்று சொல்லிவிட்ட கம்பெனி அது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் ஐபோன் விற்றால் லாபம்" என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். காட்பாடித் தம்பியும் அங்கேதான் நின்றார். ஆப்பிளின் லாபம் ஆப்பிளுக்கு. ஆம்பூரில் ஷூ தைப்பவருக்கு அந்த ஷூவின் கடை விலையை வைப்பதில் எவ்வளவு உரிமை இருக்கிறதோ, ஐபோன் பெட்டியை விற்கும் கடைக்காரருக்கும் லாபத்தை வைப்பதில் அதே அளவு உரிமைதான் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

கடையை எடை போட நான் நான்கு கேள்வி கேட்பேன். ஒரு பெட்டி, அதாவது ஒரு புதுப் போன், விற்றால், பேரமும் இலவசமும் போக, கையில் என்ன நிற்கிறது? போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது? விலை இறங்கினால் அடி யார் தலையில்? கடைசியாக, விலையை வைப்பது யார்?

நான்காவதைத்தான் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. விற்பனைத் தொகையை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் ஒன்றை விற்றால் அதில் சுமார் 1,830 ரூபாய் அரசின் வரி. 2020 ஏப்ரலில் கைப்பேசிக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 18 சதவீதமானது. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்தபின் அரசுக்குக் கட்ட வேண்டிய மிச்சத்தையும் தன் பணம் என்று நினைத்து அடுத்த சரக்குக்குக் கொடுத்துவிட்டு, வரி கட்டும் இருபதாம் தேதி என்னிடம் ஓடிவருபவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

கீழே வரும் தொகைகள் கணக்கை விளங்கவைக்க நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் விநியோகஸ்தர் தரும் விகிதத்தைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

## வழி ஒன்று: எண்ணிக்கைக் கடை

பத்து லட்சத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் போன்களாக எண்பது பெட்டி அடுக்கலாம். பெட்டிக்கு நான்கு சதவீதம் லாபம் என்றால் 480 ரூபாய். எண்பதும் மாதத்தில் ஒரு சுற்று விற்றால் 38,400 வருகிறது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. வாங்க வருபவர் இருநூறு ரூபாயாவது குறைக்கச் சொல்வார். பின்பக்க உறையும் கண்ணாடி ஒட்டுவதும் இலவசம் என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. 480இல் மிஞ்சுவது 230 என்று வையுங்கள். எண்பது பெட்டிக்கு 18,400. வாடகை, ஒரு பையன் சம்பளம், மின் கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

இந்தத் தொழிலின் தன்மையே இதுதான். ஷாவ்மியின் நிறுவனர் லெய் ஜுன் 2018 ஏப்ரலில் வெளிப்படையாகவே வாக்குக் கொடுத்தார்: போன் போன்ற கருவிகளில் நிகர லாபம் ஐந்து சதவீதத்தைத் தாண்ட விடமாட்டோம். தயாரிப்பவரே ஐந்துக்கு மேல் வேண்டாம் என்கிறபோது, விற்பவருக்கு எங்கிருந்து கொட்டும்? ஷாவ்மிக்கு அந்தப் போனுக்குள் வரும் விளம்பரம், செயலிகள், வீட்டுக்கு விற்கும் டி.வி. என்று வேறு வாசல்கள் இருக்கின்றன. கடைக்காரருக்கு அந்த வாசல்களில் பங்கு கிடையாது.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது ஸ்கீம். "இந்த மாதம் நூறு பெட்டி எடுத்தால் கூடுதலாக இரண்டு சதவீதம்" என்பார்கள். 28ஆம் தேதி 86இல் நிற்பீர்கள். மிச்சம் பதினான்கை எடுத்து, வாங்கிய விலைக்கும் கீழே வேறு கடைக்குத் தள்ளிவிட்டு இலக்கைத் தொடுவீர்கள். கூடுதல் பணம் கையில் வராது, பின்னால் வாங்கும் சரக்கில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட்டாக, மூன்று மாதம் கழித்து வரும். சில நேரம் வராது.

என் அக்காள் மகன் இதில் விழுந்தவன். ஒரு தீபாவளிக்கு முந்தைய காலாண்டில் மாவட்டத்திலேயே அதிக பெட்டி விற்றவன் என்று ஓட்டலில் விருந்து வைத்துக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். "மாமா, வேலூரிலேயே முதலிடம்" என்று இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து காட்டினான். மறுநாள் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலாண்டில் விற்பனை அரைக் கோடியைத் தொட்டிருந்தது. வாடகை போக மிச்சம், கேடயத்துக்குப் பூ வாங்கவும் போதாது. அடுத்த ஆடிக்குள் ஷட்டர் இறங்கிவிட்டது.

இன்னொரு ஆபத்து, சரக்கு ஒரே இரவில் பழசாகிவிடுவது. கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கின்படி 2014 கடைசியில் மைக்ரோமேக்ஸ் இந்தியாவில் சாம்சங்கையே முந்தி முதலிடத்துக்கு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, எல்லோரும் 4ஜி போன் கேட்டார்கள், 3ஜி பெட்டிகள் அலமாரியிலேயே தங்கின. கம்பெனி பட்ட அடி ஒரு பக்கம். அந்தப் பெட்டிகளை ரொக்கம் கொடுத்து வாங்கி வைத்திருந்த கடைகளை யாரும் எண்ணவில்லை. இப்போதும் ஆன்லைன் தள்ளுபடி விற்பனை நாட்களில், நீங்கள் விநியோகஸ்தரிடம் வாங்கிய விலையைவிடக் குறைவாக அதே போன் திரையில் ஓடும். வாடிக்கையாளர் அதை உங்கள் முகத்துக்கு நேரே காட்டுவார்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்றால், குடியாத்தத்துக்காரருக்கு. சொந்தக் கடை, வாடகை இல்லை. சம்பள நாளில் பஸ்ஸைவிட்டு இறங்கும் கூட்டம் இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி போல ஆலைத் தொழிலாளர் நிறைந்த ஊர்களுக்கும் இதுவே. மாதத்தில் இரண்டு சுற்று சுற்றினால், பெட்டிக்கு 230 என்றாலும் 36,800 வந்துவிடும். சுற்று இரண்டுக்குக் கீழே போனால் இந்த வழி வேண்டாம்.

## வழி இரண்டு: விலையுயர்ந்த பத்துப் பெட்டி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதே பத்து லட்சத்தில் எழுபதாயிரம் ரூபாய் போன்கள் பதினான்கு. மூன்று சதவீதம் என்றால் பெட்டிக்கு 2,100. எல்லாம் விற்றால் 29,400. எல்லாம் எப்போது விற்கும் என்பதுதான் கேள்வி.

செப்டம்பரில் புது ஐபோன் வரும். பழைய மாடலின் விலை இறங்கும். அலமாரியில் ஐந்து பெட்டி நின்றுபோய், பெட்டிக்கு ஐயாயிரம் இறங்கினாலே 25,000 போயிற்று, ஒரு மாத உழைப்பு. விலை இறக்கத்துக்கு ஈடு கிடைக்குமா என்பதை விநியோகஸ்தரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சில் நிற்காதீர்கள். வட்டியில்லாத் தவணை என்று பலகை வைக்கிறோமே, அந்த வட்டியை யாரோ ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும். சில திட்டங்களில் அதில் ஒரு பங்கு கடைக்காரர் தலையில் விழுகிறது. ஒப்பந்தத்தைப் படியுங்கள். கடைக்குக் காப்பீடு, கேமரா, நல்ல பூட்டு என்ற செலவுகளும் இந்த வழிக்குத்தான் அதிகம்.

வி.ஐ.டி. மாணவர் கூட்டத்தை நம்பித்தான் காட்பாடித் தம்பி இதை விரும்பினார். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அந்தப் பிள்ளைகள் ஊரிலிருந்தே போனோடு வருகிறார்கள். புதிது வேண்டுமென்றால் விடுதி வாசலுக்கே பார்சல் வருகிறது. அவர்கள் கடையைத் தேடி ஓடிவருவது போன் கீழே விழுந்து திரை நொறுங்கிய அன்றுதான்.

இந்த வழி இருபத்தைந்து லட்சத்துக்குக் குறையாத முதலும், தாமதத்தைத் தாங்கும் மனமும், ஏற்கனவே நகை அல்லது வீட்டு உபயோகப் பொருள் வியாபாரத்தில் வசதியான வாடிக்கையாளரும் உள்ளவர்களுக்கு. அவர்களுக்கு இது இரண்டாவது கடையாக நன்றாகவே ஓடும்.

## வழி மூன்று: பழுது, துணைப்பொருள், பழைய போன்

ஆப்பிள் மாதிரி நடத்த ஆசைப்பட்டால், நம் ஊரில் அதற்கு வழி இந்த மேசைதான். எனக்கே இது புரிய வெகுநாள் ஆனது.

ஆப்பிளை ஆப்பிளாக்குவது, அது தானே விலை வைக்கும் இடத்தில் நிற்பது. பெட்டியின் விலையை உங்களால் வைக்க முடியாது. கம்பெனி வைத்துவிட்டது, ஆன்லைன் அதையும் உடைத்துவிட்டது. உடைந்த திரையை மாற்ற எவ்வளவு, கண்ணாடி ஒட்ட எவ்வளவு, தண்ணீரில் விழுந்த போனிலிருந்து பேத்தியின் படங்களை மீட்டுத்தர எவ்வளவு என்பதை நீங்கள்தான் வைக்கிறீர்கள். ஆப்பிளே இந்தப் பாதையில்தான் போகிறது. 2023 நிதியாண்டில் ஐபோன் விற்று வந்தது சுமார் 20,000 கோடி டாலர். சேவைகளில் வந்தது சுமார் 8,500 கோடிதான். ஆனால் அந்த ஆண்டு சேவைகளில், தருவதற்கான நேரடிச் செலவு போக, நூறு டாலருக்கு எழுபது நின்றது. பொருளில் அதில் பாதியளவுதான்.

கருவிகள், மைக்ரோஸ்கோப், நாலைந்து ஓடும் மாடல்களுக்கான டிஸ்ப்ளே, பேட்டரி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தில் ஆரம்பிக்கலாம். 1,100 ரூபாய் டிஸ்ப்ளேயை மாற்ற 1,800 வாங்கினால் 700 நிற்கிறது. நாளுக்கு இரண்டு, மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 35,000. வேலைக்காரருக்கு 18,000 கொடுத்தால் 17,000. கையில் வித்தை உங்களுடையது என்றால் முழுதும் உங்களுக்கே. கண்ணாடி, உறை, சார்ஜர் வரவு தனி.

வேலூருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு, மற்ற ஊர்களுக்குக் கிடையாது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்கள் வாரக்கணக்கில் விடுதிகளில் தங்குகிறார்கள். ஊரில் இருப்பவர்களோடு பேச, பணம் வரவழைக்க, டாக்டர் சொன்னதைப் படம் எடுத்து அனுப்ப எல்லாவற்றுக்கும் அந்த ஒரு போன்தான். அது நின்றுவிட்டால் ஒரு மணி நேரத்தில் சரியாக வேண்டும், ஆன்லைனுக்குக் காத்திருக்க முடியாது. வங்காளமோ இந்தியோ பேசத் தெரிந்த பையன் ஒருவன் மேசையில் இருந்தால் போதும். ஆனால் அவர்கள் அவசரத்தைப் பார்த்து இரண்டு மடங்கு விலை சொல்லும் கடைகளும் இருக்கின்றன, அந்தக் கணக்கை எழுத எனக்குக் கை வரவில்லை.

இங்கேயும் குழிகள் உண்டு. நல்ல கைத்திறன் உள்ளவர் இரண்டு வருடத்தில் எதிரிலேயே கடை போடுவார். மலிவு டிஸ்ப்ளே பத்து நாளில் தொட்டால் வேலை செய்யாது, இரண்டாவது முறை மாற்றுவது உங்கள் செலவு. ஏற்கனவே கெட்டிருந்த கேமராவுக்கும் உங்களையே குற்றம் சொல்வார்கள். போனை வாங்கும்போதே எதிரில் வைத்து எல்லாவற்றையும் சோதித்துச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது ஒன்றுதான் காப்பு.

பழைய போன் வாங்கி விற்பதில் வரி முறை சாதகமானது. வாங்கியபோது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ளாமலும், சிறு மராமத்துக்கு மேல் பொருளை மாற்றாமலும் இருந்தால், வித்தியாசத்துக்கு மட்டுமே ஜி.எஸ்.டி. 6,000க்கு வாங்கி 8,000க்கு விற்றால் அந்த இரண்டாயிரத்துக்கு மட்டும். திருட்டு போன் வந்து மாட்டுவதுதான் பயம். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். முடக்கப்பட்ட போன் என்று வந்தால், கொண்டுவந்தவர் சொந்தக்காரரே ஆனாலும் திருப்பி அனுப்புங்கள். விற்பவரின் அடையாள அட்டை நகல் இல்லாமல் ஒரு போனையும் வாங்க வேண்டாம்.

அக்காள் மகன் இப்போது பழைய பஸ் நிலையத்துக்கு அருகில் ஆறடி அகலக் கடையில் இந்த வேலைதான் செய்கிறான். திரை ஒட்டிய பிறகு பசை பிடிக்கும்வரை மேலே பாரம் வைக்க வேண்டுமாம். அந்தக் கண்ணாடிக் கேடயம் அதற்குச் சரியான எடை என்கிறான்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| கேள்வி | எண்ணிக்கைக் கடை | விலையுயர்ந்த போன் | பழுது மேசை |
|---|---|---|---|
| தேவையான முதல் | பத்து லட்சம் | இருபத்தைந்து லட்சம் | இரண்டு லட்சம் |
| ஒன்றில் கையில் நிற்பது | 200 முதல் 500 | சுமார் 2,000 | சுமார் 700 |
| பணம் திரும்பும் வேகம் | இரண்டு வாரத்தில் திரும்பினால்தான் பிழைப்பு | மெதுவு | அன்றன்றே |
| விலை இறங்கினால் | பெரும்பாலும் உங்களுக்கு | உங்களுக்கு, அதுவும் பலமாக | பாதிப்பு சிறிது |
| விலை வைப்பவர் | கம்பெனியும் ஆன்லைனும் | கம்பெனி | நீங்கள் |
| நீங்கள் ஊருக்குப் போனால் | கடை நடக்கும் | நடக்கும், பயத்தோடு | நின்றுவிடும் |

கடைசி வரியைக் கவனியுங்கள். மேசை வியாபாரத்தின் உண்மையான விலை அதில்தான் இருக்கிறது. வருடம் முழுக்க நீங்கள் அங்கே உட்கார வேண்டும். கல்யாணம், காரியம், காவடி எதற்கும் இரண்டு நாளுக்கு மேல் போக முடியாது.

அப்படியென்றால் பெட்டியே வேண்டாமா என்று காட்பாடித் தம்பி கேட்டார். வேண்டும், ஆனால் கொஞ்சமாக. உலகில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பிள் கருவிகள் 200 கோடியைத் தாண்டிவிட்டதாக அந்தக் கம்பெனி 2023 பிப்ரவரியில் சொன்னது. அந்தக் கருவிகள் இல்லாமல் அதன் சேவை வியாபாரம் நின்றுபோகும். நம் அளவில், நீங்கள் விற்ற போன்தான் ஒரு வருடம் கழித்து உடைந்த திரையோடு உங்களிடம் வரும். பத்து லட்சத்தில் மூன்றை மேசைக்கும் உதிரி பாகத்துக்கும், நான்கை வேகமாக ஓடும் இரண்டு பிராண்ட் பெட்டிகளுக்கும் போட்டு, மூன்றை வங்கியில் வைக்கச் சொன்னேன். கடைசி மூன்றைத்தான் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்கீம் ஒன்று நன்றாக இருக்கிறதாம், இந்த மாதக் கடைசி வரைதானாம்.

குடியாத்தத்துக்காரர் வேறு மாதிரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லுங்கியில் ஒரு உருப்படிக்கு எனக்கு இதைவிட அதிகமாக நிற்கிறதே" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். கடையை வாடகைக்கு விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.